தனிமை என்னும் சொல்: பெங்களூருச் சூழலில் ஒரு பொருண்மை ஆய்வு

0. முன்னுரை

ஒருவர் தனித்து வாழ்வது ஒரு நிலை. தமக்கு யாரும் இல்லை என்று அவர் வருந்துவது ஓர் உணர்வு. முன்னதைக் கணக்கெடுப்பாளர் வீட்டு வாயிலில் நின்றே கண்டுகொள்ளலாம். பின்னதைக் கேட்டுத்தான் அறிய முடியும். இவ்விரண்டையும் குறிக்க இன்றைய எழுத்துத் தமிழ் பெரும்பாலும் 'தனிமை' என்ற ஒரே சொல்லைக் கையாள்கிறது. ஆங்கிலத்தில் லோன்லினெஸ், சாலிட்யூட், ஐசொலேஷன் என்று வேறுபடுத்தப்படும் மூன்று கருத்துகளும் தமிழாக்கத்தில் இச்சொல்லுக்குள் வந்து கலந்துவிடுகின்றன.

இலக்கிய மொழிபெயர்ப்பில் இக்கலப்பு ஒரு நடைச்சிக்கலாக நின்றுவிடலாம். சூழலே பொருளை உணர்த்திவிடும். ஆனால் மருத்துவ வினாநிரல், தொலைபேசி வழி மனநல ஆலோசனை, முதியோர் நல ஆய்வு ஆகியவற்றில் ஒரு சொல்லின் பொருள் பிறழ்ந்தால் ஒரு மனிதரின் நிலையே பிறழ்ந்து பதிவாகிறது. இச்சொல்லின் பொருட்பரப்பை வரையறுப்பதும், கன்னடத்தோடு அதனை ஒப்பிடுவதும், மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்படும் சில முடிவுகளை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கம். பல மொழிகள் ஒரே தெருவில் வழங்கும் பெங்களூரு இதற்குரிய களமாகக் கொள்ளப்பட்டுள்ளது.

1. களம்

1.1. பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 96 இலட்சத்தைக் கடந்தது. 1809இல் உருவான படைமுகாம் பகுதியைச் சார்ந்து அல்சூர், சிவாஜிநகர் முதலிய இடங்களில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இல் தோன்றியது. 1980களுக்குப் பின் மென்பொருள் தொழிலை நாடி வந்தோர் இரண்டாம் அலையினர். ஆகவே, இங்குள்ள தமிழர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். கன்னடத்தைத் தாய்மொழிபோல் பேசும் பழங்குடியினரும், கடைக்காரரிடம் பேசும் அளவுக்கும் கன்னடம் அறியாத புதியவரும் இவர்களுள் உண்டு.

1.2. ஒரு காலத்தில் ஓய்வூதியர்களின் சொர்க்கம் எனப் பெயர் பெற்ற நகரம் இது. பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் பெரிய வீட்டில் தங்கிவிட்ட முதியோரும், வெளியூரிலிருந்து வந்து 'பி.ஜி.' எனப்படும் உணவுடன் கூடிய வாடகை விடுதிகளில் தங்கும் இளைஞரும் இன்று இந்நகரில் அருகருகே வாழ்கின்றனர். முதியோர் இடருற்றால் அழைப்பதற்கென 1090 என்ற தொலைபேசி உதவிச் சேவையை 2002இல் நகரக் காவல்துறையும் நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளையும் இணைந்து தொடங்கின. 1974இல் உருப்பெற்ற தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமாகிய நிம்ஹான்ஸ் இந்நகரிலேயே அமைந்துள்ளது. 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் என்னும் நாடு தழுவிய தொலைபேசி மனநலத் திட்டத்துக்கு அந்நிறுவனமே தலைமை மையம். 14416 என்ற எண்ணில் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் ஆலோசனை வழங்குவது அத்திட்டத்தின் நோக்கம்.

1.3. உலக அளவிலும் இப்பொருள் இன்று அரசுகளின் கவனத்துக்கு உரியதாகிவிட்டது. 2018இல் பிரிட்டனும் 2021இல் ஜப்பானும் இதற்கென அமைச்சர்களை நியமித்தன. ஜப்பானிய அமைச்சரின் பதவிப்பெயர் 'கொடொகு', 'கொரித்சு' என்னும் இரண்டு சொற்களைக் கொண்டது. முன்னது உணர்வையும் பின்னது பிறரோடு தொடர்பற்ற நிலையையும் சுட்டும். ஓர் அரசு தன் பதவிப்பெயரிலேயே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியிருப்பது நம் ஆய்வுக்குக் கருதத்தக்கது. உலக நலவாழ்வு அமைப்பின் சமூகத் தொடர்புக் குழு 2025 ஜூன் 30ஆம் நாள் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களில் ஆறில் ஒருவர் இவ்வுணர்வால் பாதிக்கப்படுவதாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 இறப்புகள் இதனோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிட்டது. இத்தகைய மதிப்பீடுகள் யாவும் வினாக்களுக்கு மக்கள் அளித்த விடைகளில் தொடங்குகின்றன. வினாக்கள் சொற்களால் ஆனவை.

2. பழைய வழக்கு

2.1. தனி, தமி

தான், தாம் என்னும் படர்க்கைப் பெயர்கள் வேற்றுமை ஏற்கும்போது தன், தம் எனக் குறுகும். தனி, தமி ஆகியவற்றை இவ்வடிவங்களோடு இணைத்துக் காண்பது அறிஞர் வழக்கம். இக்கருத்தின்படி 'தனி' என்பதன் அடிப்பொருள் 'தானாக நிற்றல்' ஆகும். இதில் இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை. ஆகவேதான் தனி என்னும் அடை இருபுறமும் செல்லக் கூடியதாக உள்ளது. தனிச்சிறப்பு, தனிப்பெருமை, தனித்தன்மை ஆகியவற்றில் ஒப்பின்மையையும், தனிமரம், தனியாள் ஆகியவற்றில் துணையின்மையையும், தனியார், தனியுடைமை ஆகியவற்றில் பொதுவல்லாமையையும் அது குறிக்கிறது. வேதியியலார் மேலும் பகுக்க இயலாத பொருளுக்குத் 'தனிமம்' எனப் பெயரிட்டதும் இவ்வடிப்பொருளைப் பற்றியே.

தமி என்னும் வடிவம் அவ்வாறு நடுநிலையில் நிற்கவில்லை. தமியன், தமியள், தமியர் என வரும் சங்க இலக்கிய ஆட்சிகளில் உடன் இருக்க வேண்டியவர் இல்லை என்னும் குறிப்பு பெரும்பாலும் உண்டு. உலகம் நிலைபெற்றிருப்பதற்கான காரணத்தைக் கூறும் புறநானூற்று 182ஆம் பாடல், கிடைத்தற்கரிய உணவு கிடைத்தபோதும் தமியராய் உண்ணாத சான்றோரை முதலில் எண்ணுகிறது. அங்குத் தமியர் என்பது, பகிர்வதற்குப் பிறர் இருந்தும் பகிராது தனித்தவரைக் குறிக்கிறது. பக்தி இலக்கியத்தில் 'தமியேன்' என்பது ஆதரவற்ற எளியேன் என்னும் பொருள்பட நின்றது. இன்று தமி என்னும் அடி பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. உணர்வைச் சுட்டுவதற்கென்றே தமிழ் வைத்திருந்த வடிவம் வழக்கிழந்தமையால், நடுநிலைச் சொல்லாகிய தனிமை அப்பொறுப்பையும் தானே ஏற்றது எனலாம்.

2.2. புலம்பு

இதனினும் நுட்பமான செய்தி ஒன்று தொல்காப்பியத்தில் உள்ளது. உரியியலில் 'புலம்பு' என்னும் உரிச்சொல்லுக்குத் தனிமை என்றே பொருள் கூறப்பட்டுள்ளது. நெய்தல் நிலத் தலைவனுக்குரிய புலம்பன் என்னும் பெயரில் வருவது கடற்கரை நிலத்தைக் குறிக்கும் புலம்பு. பிரிந்தோர் வருந்தும் இரங்கலை அந்நிலத்துக்கே உரிப்பொருளாகக் கொண்ட மரபில், இடத்தைக் குறிக்கும் புலம்பும் தனிமையைக் குறிக்கும் புலம்பும் ஒன்றையொன்று நினைவூட்டி நிற்பது இயல்பே.

பிற்காலத்தில் இச்சொல் தனித்திருப்போர் எழுப்பும் குரலைக் குறிப்பதாயிற்று. இலக்கியத்தில் புலம்பல் என்பது இறந்தோரையோ பிரிந்தோரையோ நினைத்து அழும் அழுகை. இன்றைய பேச்சு வழக்கில் அது மேலும் இழிந்து, கேட்போர் பொருட்படுத்தாத முறையீட்டைக் குறிக்கிறது. 'பாட்டி எப்போதும் புலம்பிக்கொண்டே இருக்கிறாள்' என்று கூறும் குடும்பத்தினர், அச்சொல்லின் பழம்பொருளை அறியாமலே அதனை மிகச் சரியாகக் கையாள்கின்றனர். நிலையின் பெயர் அந்நிலையில் எழும் ஒலியின் பெயராகி, பின்னர் அவ்வொலியின்மீது பிறர் கொள்ளும் சலிப்பையும் ஏற்றுக்கொண்டது. பொருண்மை மாற்றம் பற்றிய பாடநூல்களில் இழிபொருட்பேற்றுக்குச் சான்றாகக் காட்டத்தக்க சொல் இது.

3. குடித்தனச் சொற்கள்

3.1. தனித்து வாழ்தலைக் குறிக்கத் தமிழில் நெடுங்கால வழக்குடைய ஒரு சொல் உண்டா என்று தேடினால் முதலில் எதிர்ப்படுவது 'தனிக்குடித்தனம்'. ஆனால் இது ஒருவர் மட்டும் வாழும் வாழ்க்கையைக் குறிப்பதன்று. மணமான இருவர் பெற்றோரின் வீட்டிலிருந்து பிரிந்து வேறு உலை வைப்பதே தனிக்குடித்தனம். இங்குத் தனி என்பது ஆளை விசேடிக்கவில்லை, குடியை விசேடிக்கிறது. தனித்து நிற்கும் அலகு ஆள் அன்று, அடுப்பு என்பதே இச்சொல்லாட்சி உணர்த்தும் சமூகச் செய்தி.

இந்தியக் கணக்கெடுப்பின் குடும்ப வரையறையும் இதனோடு ஒத்திருப்பது குறிப்பிடத்தக்கது. பொதுவாக ஒன்றாக வாழ்ந்து ஒரே சமையலறையில் உண்போர் ஒரு குடும்பம். ஒருவரே தனித்துச் சமைத்து உண்டால் அவரும் ஒரு குடும்பமே. உறவினர் அல்லாதோர் விடுதியில் தங்கிப் பொதுச் சமையலறையில் உண்டால் அது நிறுவனக் குடும்பம். இவ்வரையறையின்படி, பொதுச் சமையலறையில் உண்டு, நால்வர் அறையில் படுத்து, எவரோடும் பேசாமல் மாதங்களைக் கழிக்கும் இளைஞர் தனித்து வாழ்பவர் அல்லர். அடுப்பை எண்ணும் முறை அடுப்புள்ள வாழ்க்கைக்குப் பொருந்தும். பி.ஜி. விடுதி வாழ்க்கையை அது காண்பதில்லை.

3.2. அடுத்து நோக்கத்தக்கவை 'ஒண்டிக்கட்டை', 'ஒண்டுக்குடித்தனம்' என்பன. ஒலியால் மிக நெருங்கிய இவை பொருளால் எதிரெதிரானவை. ஒண்டி என்னும் பெயர் ஒற்றையாளைக் குறிக்கும். குடும்பப் பொறுப்பு இல்லாதவரை ஒண்டிக்கட்டை என்பர். ஒண்டு என்னும் வினையோ ஒன்றைச் சார்ந்து ஒட்டி இடம்பெறுதலைக் குறிக்கும். மழைக்கு ஒண்டுதல் என்பது அவ்வழக்கு. ஒரே வீட்டின் பகுதிகளில் பல குடும்பங்கள் குடியிருத்தல் ஒண்டுக்குடித்தனம். ஒண்டிக்கட்டைக்கு அருகில் யாரும் இல்லை. ஒண்டுக்குடித்தனத்தில் அருகில் யாரும் இல்லாத பொழுதே இல்லை. அயல்மொழியாளருக்கு இவ்விரண்டையும் மொழிபெயர்ப்போர் ஒலியொப்புமையால் மயங்காதிருத்தல் வேண்டும்.

ஒண்டுக்குடித்தனத்துக்கு நிகரான பெங்களூரு வடிவம் 'வட்டார' எனக் கன்னடத்தில் வழங்கும் வரிசை வீடுகள். ஒரு பொது முற்றத்தைச் சூழ்ந்தோ இருபுறமுமோ சிறு வீடுகள் அமைந்திருக்கும். தண்ணீர்க் குழாய் முதலியன பொதுவாக இருக்கும். தமிழில் பகுதி எனப் பொருள்படும் வட்டாரம் என்னும் சொல்லோடு இது ஒலியால் நெருங்கியது. அவ்வாழ்க்கையில் தனிமை வேண்டும் என்பதே பலரின் ஏக்கமாக இருந்திருக்கும். அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்தபின் அதே சொல் அச்சத்துக்குரியதாயிற்று. முன்பு வேண்டப்பட்டதும் இன்று அஞ்சப்படுவதும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் முன்னதைப் பிரைவசி என்பர். தமிழில் அதற்கும் தனிமை என்றே எழுதுவார் உளர்.

4. கன்னடத்தோடு ஒப்பீடு

4.1. கன்னடத்தில் ஒண்டி என்பது தமிழ்ப் பேச்சு வழக்கின் ஒண்டியோடு இனமான சொல். மந்தையிலிருந்து பிரிந்து திரியும் ஆண்யானையை 'ஒண்டி சலக' என்பர். இதிலிருந்து 'ஒண்டிதன' என்னும் பண்புப்பெயர் அமைகிறது. தெலுங்கில் 'ஒண்டரிதனம்' என்பது இதற்கு இணை. இவ்விரு சொற்களும் இன்றைய வழக்கில் பெரிதும் வருத்தம் தோய்ந்தவை. விரும்பி ஏற்கும் தனித்திருப்பைக் குறிக்க இருமொழிகளிலும் 'ஏகாந்த', 'ஏகாந்தம்' என்னும் வடசொல் வழங்குகிறது. ஆகவே, கன்னட எழுத்தாளர் ஒருவர் 'ஒண்டிதன வேறு, ஏகாந்த வேறு' என்று ஒரே தொடரில் கூறிவிட முடியும். அவ்வேறுபாடு கன்னட வாசகருக்கு விளக்கமின்றியே புலனாகும்.

4.2. தமிழிலும் ஏகாந்தம் உண்டு. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, இனிய பொருள்களை எண்ணும்போது ஏகாந்தத்தை முதற்படியில் வைக்கிறது. திருமலையில் இறைவனை இரவில் துயில்கொள்ளச் செய்யும் இறுதிச் சேவை ஏகாந்த சேவை எனப்படுகிறது. எனினும், இருபதாம் நூற்றாண்டில் வடசொற்களை விலக்கி எழுதும் போக்கு வலுப்பெற்றபோது ஏகாந்தம் உரைநடையில் அருகியது. அதன் இடத்தையும் தனிமையே நிரப்பியது. மற்றொரு புறம், ஒண்டி என்பது கொச்சை எனக் கருதப்பட்டு எழுத்துத் தமிழில் இடம்பெறவில்லை. மேலே இருந்த சொல் வடமொழி என்பதாலும், கீழே இருந்த சொல் பேச்சுமொழி என்பதாலும் விலக, நடுவில் நின்ற ஒரு சொல்லின்மீது முழுச்சுமையும் ஏறியது.

4.3. இதன் நடைமுறை விளைவு பெங்களூரில் தெளிவாகத் தெரிகிறது. ஓர் ஆங்கில வினாநிரல் ஒரே வேளையில் கன்னடத்திலும் தமிழிலும் பெயர்க்கப்படுவதாகக் கொள்வோம். கன்னடப் பெயர்ப்பாளருக்கு இரண்டு சொற்கள் ஆயத்தமாக உள்ளன. தமிழ்ப் பெயர்ப்பாளருக்கு ஒன்றே உள்ளது. இரு மொழியினரின் விடைகளையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிட்டால், மக்களிடையே உள்ள வேறுபாடு எது, சொற்களிடையே உள்ள வேறுபாடு எது என்று பிரித்தறிதல் அரிது.

5. வாக்கிய அமைப்பு

5.1. சொல்லைப் போலவே வாக்கிய அமைப்பும் இங்குக் கருதத்தக்கது. தமிழில் பசி, வலி, அச்சம், களிப்பு முதலிய நுகர்வுகள் நான்காம் வேற்றுமைப் பெயரோடு வருதல் இயல்பு. எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்பன போன்றவை அவை. எழுவாய் வடிவில் வரும் தொடர்கள் நிலையையோ செயலையோ உணர்த்தும். பின்வரும் தொடர்களை ஒப்பிடலாம்.

(1) நான் தனியாக இருக்கிறேன்.
(2) எனக்குத் தனியாக இருப்பது போல் இருக்கிறது.
(3) நான் தனிமையாக உணர்கிறேன்.
(4) எனக்குப் பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை.

முதல் தொடர் நிலையைக் கூறுவது. 'வீட்டில் வேறு யாரும் இல்லை' என்பதே அதன் உடனடிப் பொருள். இரண்டாவது உணர்வைக் கூறினாலும் பேச்சில் அரிதாகவே வரும். மூன்றாவது ஆங்கிலத் தொடரின் நேர்ப்பெயர்ப்பு. இதழ்களிலும் விளம்பரங்களிலும் பழகியுள்ளது. முதியோர் வாயில் வருவதில்லை. நான்காவதே இயல்பான தமிழ்.

5.2. நான்காம் தொடரில் தனிமை என்ற சொல்லே இல்லை என்பது நோக்கத்தக்கது. தமிழ்ப் பேச்சு இவ்வுணர்வை உடன்பாட்டுச் சொல்லால் அன்றி எதிர்மறையால் கூறுகிறது. பேச்சுத்துணைக்கு ஆளில்லை; ஏன் என்று கேட்க நாதியில்லை; வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது; நாலு முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று; விழுந்தால் தூக்க ஆளில்லை என்பன போன்றவை அத்தகையவை. இத்தொடர்கள் யாவும் இன்ன பணிக்கு இன்னார் இல்லை எனக் குறிப்பாகச் சுட்டுவன. பேச ஒருவர், கேட்க ஒருவர், தூக்க ஒருவர் என இன்மை வகைப்படுத்தப்படுகிறது. ஆங்கிலச் சொல் ஓர் அகநிலையைப் பெயரிடுகிறது. தமிழ் வழக்கு வெற்றிடமாகிவிட்ட ஓர் இருக்கையைச் சுட்டுகிறது.

இவ்வழக்கின் மையச்சொல் 'துணை'. வழித்துணை, பேச்சுத்துணை, படுக்கத் துணை, வாழ்க்கைத்துணை என அது பல தொகைகளில் வரும். துணை என்பது உறவின் பெயரன்று, உடனிருத்தலின் பெயர். அண்டை வீட்டுச் சிறுமியும் இரவில் பாட்டிக்குத் துணையாகலாம்.

6. வினாநிரலும் மீள்மொழிபெயர்ப்பும்

6.1. உளவியலாருள் ராபர்ட் வைஸ் 1973இல் இவ்வுணர்வை இரு வகையாகப் பகுத்தார். நெருங்கிய ஒருவர் இல்லாமையால் வருவது ஒன்று. சூழ இருந்து ஏற்கும் வட்டம் இல்லாமையால் வருவது மற்றொன்று. பின்வந்த பெப்லாவும் பெர்ல்மனும், ஒருவர் விரும்பும் உறவுக்கும் அவருக்கு வாய்த்த உறவுக்கும் இடையிலான குறைவே இவ்வுணர்வு என விளக்கினர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 1978இல் அமைந்த அளவுகோல் பரவலாகக் கையாளப்படுவது. 2004இல் வெளிவந்த அதன் மூன்று வினாக் குறுவடிவம் லோன்லி என்னும் சொல்லைக் கையாளவில்லை. தோழமைக் குறைவு, விடுபட்டுப்போன உணர்வு, பிறரிடமிருந்து பிரிந்து நிற்கும் உணர்வு ஆகியவற்றையே அது கேட்கிறது. நேராகக் கேட்டால் ஒப்புக்கொள்ளக் கூசுவர் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். தமிழுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கூச்சத்தோடு சொல்மயக்கமும் இங்குச் சேர்ந்துகொள்கிறது.

6.2. மயக்கத்தின் அளவை அறிய மூன்று நிலைகளைக் கற்பனையாகக் கொள்ளலாம்.

(அ) அல்சூரில் சொந்த வீட்டில் தனியே வாழும் கைம்பெண். காலையில் கோயில், மாலையில் அண்டை வீட்டாரோடு பேச்சு என்று அவர் பொழுது கழிகிறது.

(ஆ) மகன் குடும்பத்தோடு நகர்ப்புற அடுக்ககத்தில் வாழும் தாய். பகலில் வீட்டில் எவரும் இல்லை. காவலர் பேசும் மொழியும் அண்டை வீட்டார் பேசும் மொழியும் அவர் அறியாதவை.

(இ) விடுதியில் மூவரோடு ஓர் அறையில் தங்கியுள்ள இளைஞர். மூவரின் பணிநேரமும் வேறு வேறு.

'நீங்கள் தனிமையில் இருக்கிறீர்களா?' என்று இவர்களைக் கேட்டால், முதலாமவர் ஆம் என்பார். மற்ற இருவரும் இல்லை என்பர். விடைகள் மூன்றும் உண்மையே. ஆனால் வினாவின் நோக்கத்தை நோக்க, மூன்றும் தலைகீழானவை. தமிழ் மரபில் ஆம் என்று கூறுவது மகனைக் குறைகூறுவதாகும் என்பதால் இரண்டாமவர் இன்னும் உறுதியாக மறுப்பார்.

6.3. 2017-18இல் நடைபெற்ற இந்திய முதுமை பற்றிய நெடுநோக்கு ஆய்வின் முதற்சுற்றில், 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரே தனித்து வாழ்வதாகக் கண்டறியப்பட்டது. எஞ்சியோர் துணைவருடனோ பிள்ளைகளுடனோ பிறருடனோ வாழ்கின்றனர். தனித்து வாழ்வதும் தனிமையுணர்வும் ஒன்றெனக் கொள்ளும் மொழிபெயர்ப்பு, பெரும்பான்மையோரை ஆய்வின் பார்வையிலிருந்தே விலக்கிவிடும். (ஆ)வில் கண்ட தாய் அப்பெரும்பான்மையோருள் ஒருவர்.

6.4. இத்தகைய பிழைகளைக் கண்டறிய ஆய்வாளர் கையாளும் வழி மீள்மொழிபெயர்ப்பு. பிரிஸ்லின் 1970இல் விளக்கிய இம்முறையில், தமிழாக்கத்தை மற்றொருவர் மூலத்தைப் பாராமல் ஆங்கிலத்துக்கு மீட்டும் பெயர்ப்பார். இரு ஆங்கில வடிவங்களும் ஒத்திருந்தால் தமிழாக்கம் ஏற்கப்படும். ஆனால் நம் சொல்லைப் பொறுத்தவரை இம்முறை பயன்தருவதில்லை. லோன்லினெஸ் என்பதைத் தனிமை எனப் பெயர்த்து, தனிமையை மீட்டும் லோன்லினெஸ் எனப் பெயர்த்தால் இரண்டும் துல்லியமாகப் பொருந்தும். இருமொழி அறிந்த இருவருக்கிடையே பிழை ஏதும் தோன்றாது. அகராதி அறியாத மூன்றாமவர், அதாவது விடையளிப்பவர், அச்சொல்லை வேறாக உணர்கிறார் என்பதை இம்முறை காட்டாது. பொருட்பரப்பு அகன்ற சொற்கள் மீள்மொழிபெயர்ப்பில் எளிதாகத் தேறிவிடும் என்பது பொதுவிதியாகவே கொள்ளத்தக்கது.

ஆகவே, வினாவைப் படித்துக்காட்டி 'இதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள்' என்று விடையளிப்போரைக் கேட்கும் முறை இங்கு இன்றியமையாதது. 'வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள்' என அவர் கூறினால் பிழை அப்போதே வெளிப்படும்.

7. பரிந்துரைகள்

7.1. கலைச்சொல் நிலையில் பின்வரும் பகுப்பைக் கைக்கொள்ளலாம்.

தனித்து வாழ்தல்: ஒருவர் மட்டும் உள்ள குடியமைப்பு. கணக்கெடுப்புப் பொருளில் மட்டும் இதனை ஆளலாம்.

தனித்திருத்தல் அல்லது ஏகாந்தம்: விரும்பி ஏற்ற தனிநிலை. சூழலுக்கேற்ப இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். வடசொல் என்பது மட்டுமே ஏகாந்தத்தை விலக்கக் காரணமாகாது.

தொடர்பின்மை: பிறரோடு பழக்கம் குறைந்த புறநிலை. பிறரால் திணிக்கப்படின் ஒதுக்கப்படுதல். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பரவிய தனிமைப்படுத்துதல் என்னும் சொல் மருத்துவப் பொருளில் நிலைபெற்றுவிட்டதால் அதனை அங்கேயே நிறுத்துவது நலம்.

தனிமையுணர்வு: உணர்வைக் குறிக்கும் பொதுக் கலைச்சொல். உணர்வு என்னும் பின்னொட்டே இதனைப் பிறவற்றிலிருந்து பிரிக்கிறது. சுருக்கம் கருதி அதனை விடுதல் கூடாது.

7.2. வைஸ் கூறிய இரு வகைகளுக்கும் தமிழில் இயல்பான சொற்கள் உள. நெருங்கியவர் இல்லாமையை 'உற்ற துணையின்மை' என்றும், சூழ்வட்டம் இல்லாமையைச் 'சுற்றமின்மை' என்றும் குறிக்கலாம். சுற்றம் என்பது சுற்றியிருப்போர் எனப் பொருள்படுவது. திருக்குறள் சுற்றந்தழாலுக்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. இரத்த உறவினரை மட்டும் குறிப்பதாக இன்று சுருங்கியிருப்பினும், அடிப்பொருளை மீட்டு ஆள்வதற்குத் தடையில்லை. துணையின்மை என்று வாளா கூறின் கணவனோ மனைவியோ இல்லாமை எனக் கொள்ளப்படலாம். அதனால் 'உற்ற' என்னும் அடை வேண்டப்படுகிறது.

7.3. கலைச்சொற்கள் அறிக்கைக்கு உரியவை. மக்களிடம் கேட்கும் வினாவில் அவற்றைப் பெய்தல் ஆகாது. அங்குப் பேச்சு வழக்கின் எதிர்மறைத் தொடர்களையே பயன்படுத்த வேண்டும்.

(5) மனம் விட்டுப் பேச உங்களுக்கு ஆள் இருக்கிறதா?
(6) உங்களைச் சேர்த்துக்கொள்ளாமல் விட்டுவிட்டார்கள் என்று எப்போதாவது தோன்றுவதுண்டா?
(7) சுற்றிலும் ஆட்கள் இருந்தும் யாரும் இல்லாதது போல் இருக்கிறதா?

இவற்றுள் (7) மகனைக் குறைகூறாமல் விடையளிக்க இடம் தருகிறது. ஆட்கள் இருப்பதை வினாவே ஒப்புக்கொண்டுவிடுவதால், விடையளிப்பவர் குடும்பத்தைக் காத்துப் பேச வேண்டியதில்லை. பெங்களூர்த் தமிழரிடம் 'ஒண்டியாக இருக்கிறீர்களா' என்று கேட்பதால் ஒரு பயன் உண்டு. கன்னடத்தின் ஒண்டி காதில் விழுந்து பழகியவர்க்கு அச்சொல்லில் வருத்தத்தின் சாயல் மிகுதி. எனினும் தமிழ்நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் இது பொருந்தும் என்று கொள்ளலாகாது.

7.4. தொலைபேசி ஆலோசகர்க்கு இதனால் விளைவது ஒரு கேட்கும் முறை. அழைப்பவர் 'தனிமை' என்னும் சொல்லைக் கூறுவார் என எதிர்பார்த்தல் வீண். ஆளில்லை, துணையில்லை, கேட்பாரில்லை என்னும் இன்மைத் தொடர்கள் வரும்போது அவற்றை வீட்டுச் செய்தியாகக் கருதிக் கடந்துவிடாமல், உணர்வு பற்றிய கூற்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அத்தொடர்களின் பட்டியல் ஒன்று வட்டாரந்தோறும் தொகுக்கப்பட்டால், அது மொழியியலார் மனநலத் துறைக்குச் செய்யும் நேரடியான உதவியாக அமையும்.

8. முடிவுரை

தனிமை என்னும் சொல் நிலை, உணர்வு, விருப்பம், ஒதுக்கம் ஆகிய நான்கையும் இன்று சுமக்கிறது. தமி, புலம்பு, ஏகாந்தம், ஒண்டி ஆகியவை தத்தம் காரணங்களால் விலகியமையே இச்சுமைக்கு வழி வகுத்தது. தமிழில் இவ்வுணர்வுக்குச் சொல் இல்லை என்பது பொருந்தாக் கூற்று. சொல் பேச்சில் எதிர்மறைத் தொடராக வாழ்கிறது. அகராதியில் தலைச்சொல்லாக நிற்பவற்றை மட்டுமே தேடும் மொழிபெயர்ப்பாளர் கண்ணுக்கு அது படுவதில்லை.

நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் இறுதியில் நிற்கும் சீருக்குத் தனிச்சொல் என்று பெயர். கோடிட்டுப் பிரித்து எழுதப்பட்டாலும், முன்னுள்ள அடிகளோடு எதுகையால் அது கட்டுண்டிருக்கும். பிரிந்து நிற்பதும் பிணைப்பற்றுப் போவதும் ஒன்றல்ல என்பதை யாப்பிலக்கணம் அறிந்திருந்தது. அவ்வேறுபாட்டை நம் வினாநிரல்களும் அறிந்திருக்குமாயின், மகன் வீட்டில் வாழும் அத்தாயிடமிருந்து சரியான விடை கிடைக்கும்.